புதுப்பிப்பு: தடுப்புக்கு முன்னால் மணல் சேர்ந்தால் நீரளவு தப்புமா?

ஆய்வகக் கால்வாயில் கூர்முகட்டுத் தடுப்புக்கு (ஓட்டத்தை அளக்கக் குறுக்கே நிறுத்தும், மேல்விளிம்பு கூரான தகடு) முன்னால் மணல் நிறைந்தால் நீரளவுக் கணக்கு தப்புமா என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, தப்பத்தான் செய்கிறது. மணல் ஏற ஏற அடியிலிருந்து தடுப்பின் உயரம் குறைந்து, வரும் நீரின் வேகம் கூடுவதால், அதே நீர்மட்டத்துக்கு அதிகத் தண்ணீர் வழிகிறது. நீர்மட்டத்தை வைத்து ஓட்டத்தைக் கணக்கிடும்போது பெருக்க வேண்டிய எண்ணை, அதாவது குணகத்தை, தருவது ரேபாக் சூத்திரம். அதில் 0.61-உடன் சேரும் சின்ன உறுப்பு, நீர்த்தலையை (தடுப்பின் விளிம்புக்கு மேல் நிற்கும் நீரின் உயரத்தை) தடுப்புயரத்தால் வகுத்து வருவது, அதுதான் வீங்கிவிடுகிறது. பழைய குணகத்தையே போட்டால் ஓட்டம் குறைவாகத்தான் தெரியும்.

அப்புறம், பொடிமணல் போடச் சொன்னவர்களுக்கு: மணியின் அளவு 0.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அடி மணலில் சிற்றலை போன்ற மேடுகள் உருவாகிவிடும். கண்ணாடிப் பக்கமாகப் பார்த்தால் மணல்மணிகள் மேட்டில் உருண்டு ஏறி மறுபக்கம் சரிகின்றன, மேடே மெல்ல நகர்கிறது. பார்க்க அழகு, ஆனால் படுகையின் சொரசொரப்பு மாறிவிடுவதால் எனக்குத் தொல்லை. அடுத்த சுற்றுக்குப் பருமணல்தான்.