புதுச்சேரி உணவகம் குறித்த என் முந்தைய பதிவு: புதுப்பிப்பு

ஒயிட் டவுனில், பிரெஞ்சுக் கால வீடொன்றில் இயங்கும் உயர்தர உணவகத்தில் வஞ்சிர வறுவல் மேலே முறுகலாகவும் முள்ளருகே வேகாமலும் வந்ததையும், ரசீதில் சேவைக் கட்டணம் கேளாமலே சேர்க்கப்பட்டிருந்ததையும் முன்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த மறுமொழிகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. வார நாட்களில் மதியம் சென்றவர்கள் தேங்காய்ப் பால் ஊற்றிய இறால் குழம்பையும் பரிமாறுபவர்களின் பொறுமையையும் மனமாரப் புகழ்கிறார்கள். சனிக்கிழமை இரவு சென்றவர்களோ, முன்பதிவு செய்திருந்தும் முற்றத்தில் வெகுநேரம் காத்திருந்து, ஆறிப்போன சூப்பைக் குடித்துத் திரும்பியிருக்கிறார்கள். வார இறுதியில் வெளியூர்க் கூட்டம் திரளும் ஊரில் இதில் வியப்பில்லை. ஆனால் சனிக்கிழமைக்கென்று விலையை யாரும் குறைப்பதில்லையே.

சேவைக் கட்டணத்தைப் பொறுத்தவரை, உணவகங்கள் அதைத் தாமாக ரசீதில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. (ஜிஎஸ்டி வேறு, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.) இதை மேலாளரிடம் சுட்டிக்காட்டியபோது, அவர் மறுபேச்சின்றி அத்தொகையை நீக்கிப் புது ரசீது தந்தார், மீனைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. நீக்க மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.