‘உட்பட’ என்ற ஒரு சொல்: கருத்துக்கேட்பு அறிக்கை முழுவதும் தமிழில் வேண்டுமா?

முகத்துவாரத்தான்:
“பத்துப் பக்கச் சுருக்கம் தமிழில் தரப்படுகிறது, சட்டம் கேட்பது அவ்வளவுதான், படிக்க மனமில்லாதவர்களே சட்டம் புரியவில்லை என்கிறார்கள்” என்று எண்ணூர் அனல் மின் திட்டத்துக்கான மக்கள் கருத்துக்கேட்பைப் பற்றி ராயபுரம் வழக்குரைஞர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், கருத்துக்கேட்பு நடைமுறையைக் கூறும் நான்காம் பின்னிணைப்பை அவர் மறுபடி படிக்கட்டும். சுருக்க அறிக்கை உட்பட, திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்கத்தைக் கூறும் வரைவு அறிக்கையை ஆங்கிலத்திலும் மாநில ஆட்சி மொழியிலும் தர வேண்டும் என்பதே அதன் பொருள். ‘உட்பட’ என்றால் சுருக்கத்தையும் சேர்த்து என்று பொருள். சுருக்கம் மட்டும் என்று எந்த அகராதியிலும் இல்லை. சாம்பல் குழம்பைக் கொண்டுபோகும் குழாய் எந்த வழியாகப் போகும், அது உடைந்தால் கொசத்தலை ஆற்றில் எவ்வளவு தூரத்துக்குச் சாம்பல் படியும் என்பதெல்லாம் பத்துப் பக்கத்தில் அடங்காது.

ராயபுரம் வழக்குரைஞர்:
ஆங்கில மூலத்தில் இரு மொழி பற்றிய சொற்றொடர் ‘சுருக்க அறிக்கை’ என்பதற்கு அடுத்து நிற்கிறது. எனவே அது சுருக்கத்தை மட்டுமே தழுவும். சுருக்கம் ஏ4 அளவில் 10 பக்கங்களுக்கு மேல் போகக் கூடாது என்று அதே அறிவிக்கை வேறோர் இடத்தில் கூறுகிறது. முழு அறிக்கையே தமிழில் வருமென்றால் தமிழில் தனியாக ஒரு சுருக்கம் எதற்கு? நான் 22 ஆண்டுகளாக நீதிமன்றப் படி ஏறுகிறேன், தம்பி. சட்ட வாசகத்தை ஆசைக்கேற்ப வளைக்க முடியாது.

முகத்துவாரத்தான்:
எனக்கு 58 வயதாகிறது. தம்பி என்று அழைக்கும் உரிமையை நான் உங்களுக்குத் தரவில்லை. ஆங்கிலத்தில் முழு அறிக்கையும் இருக்கிறது, சுருக்கமும் இருக்கிறது. ஆங்கிலம் படிப்பவருக்கு இரண்டும் தேவைப்படும்போது தமிழ் படிப்பவருக்கு மட்டும் ஏன் ஒன்று போதும்? உட்பட, ஐயா, உட்பட. அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லுங்கள்.

திருவொற்றியூர் ஆசிரியை:
இருவரும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான் கையில் வாங்கிப் படித்த தமிழ்ச் சுருக்கம் ஒன்றில் முகத்துவாரத்தை ‘சிற்றோடை’ என்று எழுதியிருந்தார்கள். எங்கள் குப்பத்துப் பெண்களுக்கு அதைப் படித்துக் காட்டியபோது, “இது எந்த ஊர் ஓடை?” என்று கேட்டார்கள். கையால் தடவி இறால் பிடிக்கும் இடம் அழியப்போகிறது என்பதே அவர்களுக்கு விளங்கவில்லை. அலையாத்தியைக் கூடச் ‘சதுப்புத் தாவரம்’ என்று எழுதியிருந்தார்கள். இப்படிப்பட்ட தமிழில் ஐந்நூறு பக்கம் வந்தாலும் யாருக்கு என்ன பயன்?

காசிமேட்டுக்காரன்:
அலையாத்தி என்பதைவிடக் கண்டல் என்பதே பழைய சொல், அம்மா. ஆசிரியையே அதை விட்டுவிட்டால் அதிகாரிகளை எப்படிக் குறை சொல்வது?

திருவொற்றியூர் ஆசிரியை:
கண்டல் என்பது நெய்தல் பாட்டில் இருக்கும் சொல் என்று எனக்கும் தெரியும். எண்ணூரில் இன்று வாய்மொழியில் இருப்பது அலையாத்தி. மக்களுக்குப் புரிய வேண்டும் என்பதே என் பேச்சு. எனக்குத் தமிழ்ப்பாடம் நடத்தும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ராயபுரம் வழக்குரைஞர்:
சட்டம் மக்களை ஒதுக்கிவைத்தது என்பது தவறான பேச்சு. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு, வட்டார மொழி நாளிதழில் விளம்பரம், நாளிதழ் எட்டாத இடத்தில் பறையறைந்து அறிவிப்பு, கூட்ட முடிவில் நடவடிக்கைச் சுருக்கத்தை மக்கள் மொழியில் விளக்கிப் படித்துக் காட்டுதல் ஆகிய அனைத்தும் அதே பின்னிணைப்பில் உள்ளன. அவற்றைக் கேட்டுப் பெறாமல் இல்லாத முழு மொழிபெயர்ப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

காசிமேட்டுக்காரன்:
தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி 2022-இல் தமிழக அரசே உத்தரவிட்டுவிட்டது. அது ஒரு சமூகத்தைத் தாழ்த்திய வழக்கம், நிறுத்தியது சரிதான். அதை இன்னும் ஓர் உரிமையைப் போல வழக்குரைஞர் எடுத்துக்காட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ராயபுரம் வழக்குரைஞர்:
நான் சட்டத்தில் இருப்பதைச் சொன்னேன். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தாலும் அதே நோக்கம் நிறைவேறும்.

முகத்துவாரத்தான்:
பறையைப் பற்றிப் பிறகு பேசலாம், பேச்சை மாற்றாதீர்கள். 2020-இல் மத்திய அரசினர் இந்த அறிவிக்கைக்குப் பதிலாகப் புதிய வரைவு அறிவிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டு, 30 நாள் முன்னறிவிப்பை 20 நாளாகக் குறைக்கப் பார்த்தார்கள். அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை வெளியிடுமாறு டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 30 அன்று ஆணையிட்டது. புரியாத மொழியில் கருத்துக் கேட்பது கருத்துக் கேட்பாகாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ராயபுரம் வழக்குரைஞர்:
அந்த ஆணை ஒரு வரைவுச் சட்டத்தைப் பற்றியது. ஒரு நிறுவனத்தின் திட்ட அறிக்கையைப் பற்றியது அல்ல. மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

முகத்துவாரத்தான்:
போனார்கள், மொழிபெயர்க்கப் பணமும் ஆளும் இல்லாத அரசா இது? உங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. முந்தைய ஒரு கருத்துக்கேட்பில், வலையில் கரி படிவதைப் பற்றி ஒரு மூதாட்டி பேசிக்கொண்டிருந்தபோது, “பக்க எண்ணைக் குறிப்பிட்டுப் பேசுங்கள்” என்று எழுந்து நின்றவர் நீங்கள். அவர் படிக்கும் மொழியில் அந்தப் பக்கமே இல்லாதபோது எந்த எண்ணைச் சொல்வார்? அந்த அறிக்கையைப் பார்க்க அத்திப்பட்டிலிருந்து மின்சார ரயிலேறி, பேசின் பாலத்தில் தடம் மாறி, திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகம் போய், ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு ஆங்கிலக் கட்டைப் புரட்டித் திரும்பியவர்களில் நானும் ஒருவன்.

ராயபுரம் வழக்குரைஞர்:
பக்க எண் கேட்டது அவருடைய கருத்து பதிவேட்டில் ஏற வேண்டும் என்பதற்காக. பதிவாகாத கண்ணீரை எந்தத் தீர்ப்பாயமும் படிக்காது. அன்றும் அதைத்தான் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்: சுருக்கம் மட்டுமே கட்டாயம்.

திருவொற்றியூர் ஆசிரியை:
அந்தச் சுருக்கத்தையாவது ஊர்ப் பெண்கள் இருவரிடம் படித்துக் காட்டிவிட்டு அச்சிடும்படி கேட்கலாமே என்று மூன்றாம் முறையாக எழுதுகிறேன்.

முகத்துவாரத்தான்:
கேட்கலாம், அம்மா. முதலில் ‘உட்பட’ என்பதற்கு அவர் பதில் சொல்லட்டும். நான் திங்கட்கிழமை முழு அறிக்கையின் தமிழ்ப் படி வேண்டும் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். இல்லை என்றால் எந்த விதிப்படி இல்லை என்று கையொப்பமிட்டுத் தரச் சொல்வேன்.

ராயபுரம் வழக்குரைஞர்:
நான்காம் பின்னிணைப்பின்படி என்று எழுதித் தருவார்கள்.