மூலை மடிந்து அச்சான நூறு ரூபாய்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். போன வாரம் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் மீதிப் பணமாக ஓர் ஊதா நூறு ரூபாய் நோட்டு வந்தது. வலது கீழ்மூலை தடிப்பாக இருந்தது. மடிப்பைப் பிரித்தால், நோட்டின் ஓரத்தைத் தாண்டி முக்கோணமாக வெள்ளைக் காகிதம் நீள்கிறது. வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் முன்பக்கம் இல்லை. பின்பக்கத்தில் சாய்வாக விழுந்திருக்கின்றன. இப்படி ஒன்றை முதல்முறையாகக் கையில் பார்க்கிறேன், அன்றிரவு தூக்கமே வரவில்லை.

பின்னணி வண்ணம் முழுதாக இருக்கிறது. காந்தி படமும் விரலுக்கு மேடாகவே தட்டுப்படுகிறது. எண் அச்சிடுவது அதற்கெல்லாம் பிறகு, பெரிய தாளைத் தனித்தனி நோட்டுகளாக வெட்டுவது கடைசியில். அப்படியானால் எண் அச்சுக்குப் போகும்போதுதான் தாள் மடிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சரிதானா? யாராவது பிற்பாடு எண்ணை அழித்து ஒட்டுவேலை செய்திருந்தால், லென்ஸில் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

அப்புறம், இது நட்சத்திரக் குறி நோட்டு அல்ல. வரிசை எண்ணில் நட்சத்திரம் போட்ட அது, அச்சகத்தில் பழுதான நோட்டுக்குப் பதிலாக வருவது. அதை அச்சுப்பிழை நோட்டு என்று விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

மடிப்பை விரித்து வைக்கலாமா, வந்தபடியே மடித்து வைப்பதா? தருமபுரி, ஓசூர் பக்கம் அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் இருந்தால் நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன். விற்கும் எண்ணமில்லை.