வில் வேட்டைக்கு உருமறைப்பு உடை, வாசனை மறைக்கும் ஸ்பிரே எல்லாம் எவ்வளவு தேவை?

சிப்புட் கவின்:

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மெல்பர்னில் இருக்கும் மச்சான் ஜூன் மாதம் மான்ஸ்ஃபீல்ட் பக்கத்து மலைக்குக் கடமான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார். மலாயில் ரூசா என்கிறோமே, நம் காட்டு மான்தான், அங்கே கொண்டுபோய் விட்டுப் பெருகியது. கப்பி வைத்த காம்பவுண்ட் வில். ஈப்போவில் கிளப்பில் பழகியிருக்கிறேன், 25 மீட்டருக்குள் குறி தப்பாது. ஆனால் உயிருள்ள மிருகத்தின் மேல் எய்ததில்லை.

மச்சான் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். இலை அச்சுப் போட்ட முழு உடை, உடம்பு வாசத்தை உறிஞ்சக் கரித்தூள் உள்துணி வைத்த ஜாக்கெட், வாசனை மறைக்கும் ஸ்பிரே, துணியின் வாசம் போக்க ஓசோன் பை, முகமூடி. கூட்டிப் பார்த்தால் 2,600 வெள்ளி (ரிங்கிட்) வருகிறது. எனக்கு டயர் கடையில் வேலை. அதோடு வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவார், அலமாரித் துணியெல்லாம் அந்த வாசம்தான். இதற்கெல்லாம் இவ்வளவு செலவு செய்துதான் ஆக வேண்டுமா?

பட்டர்வொர்த் வில்லாளி:

கவின் ப்ரோ, விமான டிக்கெட்டுக்கும் லீவுக்கும் செலவு செய்துவிட்டு ஸ்பிரேயில் கை வைக்காதீங்க. கடமான் மூக்கு சாதாரண மூக்கு இல்லை. நூற்றுக்குப் பத்து பங்கு வாசம் குறைந்தாலும் அது லாபம்தானே? முழு செட்டும் வாங்குங்க, பின்னால் வருத்தம் இருக்காது.

பழைய மண்டோர்:

தம்பி கவின், அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் வேண்டாம். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் உங்கள் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களுக்கு மேற்பார்வையாளாக இருந்தவன். பன்றித் தொல்லைக்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானில் உரிமம் எடுத்துச் சுடப் போகும் பெரியவர்களின் பின்னால் சிறு வயதிலேயே நடந்தவன். இப்போது மகள் குடும்பம் உன் மச்சான் இருக்கிற அதே விக்டோரியா மாநிலத்தில் இருக்கிறது. போகும்போதெல்லாம் மருமகனோடு டார்கோ மலைப் பக்கம் கடமான் தேடிப் போவேன். வில் அவர் கையில், பைனாகுலர் என் கையில்.

முதலில் கண். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் வெள்ளைவால் மானின் கண்ணை அளந்து பார்த்தார்கள். நமக்கு நிறம் காட்டும் செல்கள் மூன்று வகை, மானுக்கு இரண்டு வகைதான். சிவப்பும் ஆரஞ்சும் அதற்கு மங்கிய சாயலாகத்தான் தெரியும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் துப்பாக்கி சீசனில் பளிச்சென்ற ஆரஞ்சு உடுத்த வேண்டும் என்பது சட்டம், அப்படி உடுத்திக்கொண்டுதான் அங்கே மான் அடிக்கிறார்கள். நீலம்தான் ஆபத்து. நம்மைவிட மானுக்கு அது எடுப்பாகத் தெரியும். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகாதே. சலவைத் தூளில் வெள்ளையைப் பளபளப்பாக்கச் சேர்க்கிற பொருள் இருக்கிறதே, அதுவும் அந்தக் கண்ணுக்கு மின்னும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இலை அச்சு உடையாக இருந்தாலும் அந்தத் தூளில் அலசினால் போச்சு.

அப்புறம் அசைவு. மானுக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால் பின்பக்கம் கொஞ்சம் போக எல்லாத் திசையும் தெரியும். நம் அளவுக்குக் கூர்மையாகப் பார்க்காது, ஆனால் அசைந்ததை விடாது. வில்லை இழுக்கும்போது முதலில் அசைவது கையும் முகமும்தான், அவைதான் வெளுப்பாகவும் இருக்கும். ஆகவே முகமூடி வாங்கு, மெல்லிய கையுறை வாங்கு. உடம்புக்குப் பழுப்போ பச்சையோ, மங்கலான பழைய கம்பளிச் சட்டை போதும். அமெரிக்காவில் வில் வேட்டையைப் பரப்பிய பிரெட் பேர் என்பவர் கட்டம் போட்ட கம்பளிச் சட்டையோடுதான் பல படங்களில் நிற்கிறார். மழைக்கோட்டுத் துணி மட்டும் வேண்டாம். முழங்கையை மடக்கினாலே சரசரக்கும், அந்தச் சத்தம் 25 மீட்டரில் நிற்கிற மானுக்குக் கேட்காமல் போகாது.

இப்போது மூக்கு. வில்லாளி தம்பி சொன்ன மாதிரி அது பெரிய மூக்கு. அதனால்தான் ஸ்பிரேயை நம்பாதே என்கிறேன். கரித்தூள் உடை போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒளிய வைத்து, தேடுதல் நாய்களை விட்டு அமெரிக்காவில் சோதித்து 2002இல் வெளியிட்டார்கள். ஒரே ஒருவரைத் தவிர அத்தனை பேரையும் நாய்கள் கண்டுபிடித்துவிட்டன. டிரையரில் சுற்றினால் கரி புதுசாகிவிடும் என்று விளம்பரத்தில் சொல்வார்கள். கரியைச் சரியாகப் புதுப்பிக்கத் தொழிற்சாலையில் பல நூறு டிகிரி சூடு ஏற்றுகிறார்கள். டோபி கடை டிரையர் அதன் பக்கத்தில்கூட வராது. அதோடு, உடம்பை மூடினாலும் மூச்சு விட்டுத்தானே ஆக வேண்டும்?

நம் தோட்டத்தில் நீயே பார்த்திருப்பாய். விடியுமுன் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் மேல் உறைந்த கட்டிப்பால் நாற்றம் வீசும். நாலு நிரை தள்ளிப் பன்றி மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும், ஓடாது. தினமும் அதே நேரம், அதே ஆள், அதே வாசம். அதே நிரையில் புதிதாக ஒருவன் வந்து நிற்கட்டும், காற்று அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு உறுமல்தான், அப்புறம் பன்றியைத் தேட வேண்டும். மான்ஸ்ஃபீல்ட் மலையில் நீ அந்தப் புது ஆள். அங்கே மனித வாசம் கொஞ்சமாக வந்தாலும் நிறைய வந்தாலும் கடமானுக்கு அது அந்நியம்தான். வில்லாளி தம்பி சொல்லும் பத்து பங்கு லாபத்தை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். மீதித் தொண்ணூறே அதற்குத் தாராளம்.

அதற்காக அழுக்கோடு போ என்று சொல்லவில்லை. 1911இல் கலிஃபோர்னியாவில் காட்டிலிருந்து வெளியே வந்த இஷி என்ற யாஹி பழங்குடி மனிதரிடம்தான் டாக்டர் சாக்ஸ்டன் போப் வில் வேட்டை கற்றார். வேட்டைக்கு முந்தின நாள் இஷி மீன் சாப்பிட மாட்டாராம், புகைக்க மாட்டாராம். காலையில் ஓடையில் குளித்துவிட்டுத்தான் கிளம்புவாராம். உனக்கும் அவ்வளவே போதும். வாசமில்லாத சோப்பில் துணியை அலசி, வெளியே காயப்போட்டு, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வை. அம்மா சாம்பிராணி போடுவதை நிறுத்த வேண்டாம், பையைத் திறக்காமல் இருந்தால் சரி. டயர் கடைக்கு அந்தத் துணியைப் போடாதே.

மிச்சமெல்லாம் காற்றுதான். தலையணையிலிருந்து ஒரு சிட்டிகை இலவம்பஞ்சு எடுத்துக்கொண்டு விடியற்காலையில் பால்மரக் குன்றுக்குப் போ. கன்னத்தில் காற்றே தெரியாது. ஒரு இழையைத் தோள் உயரத்தில் விடு. அது நேரே விழாது. மெல்லச் சரிந்து, குன்றில் படிப்படியாக வெட்டிய தட்டின் விளிம்பு வரை போகும், அங்கே கொஞ்சம் தயங்கி, அடுத்த தட்டுக்கு இறங்கும். விட விட ஒவ்வொன்றும் ஓடைப் பக்கமாகவே போகும். குன்றில் வெயில் ஏறினதும் இன்னொன்று விட்டுப் பார். நின்ற இடத்திலேயே சுற்றும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் மரத்தோடு ஒட்டி மேலே ஏறும். குளிர்ந்த காற்று கனத்துக் கீழே வடிகிறது, சூடானது எழும்புகிறது. விக்டோரியா மலையிலும் இதேதான். காலையில் மானுக்குக் கீழே இருந்து ஏறு, வெயில் ஏறினால் மேலே இருந்து வா. அங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போவதால் ஜூனில் தெற்குச் சரிவுக்கு வெயில் சரியாகப் படாது. அந்தப் பக்கம் காற்று வெகு நேரம் கீழ்நோக்கியே இழுக்கும். சுற்றுகிற நேரம்தான் கெட்ட நேரம். அப்போது நகராதே, உட்கார்ந்து சாப்பிடு.

டண்டினாங் தமிழன்:

மண்டோர் ஐயா சொன்னதோடு சேர்த்துச் சில விஷயங்கள். வருவதற்கு முன்பே விக்டோரியாவின் வேட்டை உரிமம் எடுத்துவிடுங்கள். கடமானுக்கு வில்லின் இழுவிசை குறைந்தது 50 பவுண்டு இருக்க வேண்டும். இரவில் வேட்டையாடக் கூடாது. இலவம்பஞ்சை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள், செடிப் பொருள் எதுவானாலும் விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும். தோட்டத்தில் நடந்த ஷூவையும் பல் துலக்கும் பிரஷ் வைத்துச் சேறு இல்லாமல் தேய்த்துக் கழுவி, அதையும் அறிவியுங்கள். காற்றுப் பார்க்க இங்கே விக்டோரியாவிலேயே சின்ன பிளாஸ்டிக் புட்டியில் வாசமில்லாத பவுடர் கிடைக்கும்.

சிப்புட் கவின்:

நன்றி ஐயா, நன்றி அண்ணே. பஞ்சு விட்டுப் பார்த்தேன், ஐயா சொன்ன மாதிரியே ஓடைப் பக்கம் இறங்கியது. இரண்டு சந்தேகம். அடிடாஸ் கம்போங் என்கிற நம் ரப்பர் ஷூவைப் போட்டுக்கொண்டு போகலாமா? மான் 20 மீட்டரில் நிற்கிறது, வில்லை இழுத்துவிட்டேன், அப்போது காற்று திரும்பினால் என்ன செய்வது?

பழைய மண்டோர்:

அடிடாஸ் கம்போங் ரப்பர், வாசம் பிடிக்காது, சத்தமும் வராது, நம் காட்டுக்கு அதற்கு மிஞ்சியது இல்லை. ஆனால் ஜூனில் அந்த மலையில் பனி விழும், கால் விறைத்துப்போகும். முழங்கால் வரை ரப்பர் பூட்டும் கம்பளிக் காலுறையும் வாங்கு.

காற்று திரும்பினால் மான் தலையைத் தூக்கும், காலைத் தட்டும், உடம்பு முறுக்கேறி நிற்கும். அந்த நிலையில் எய்யாதே. நாண் சத்தம் கேட்டதும் அது குனிந்து பாயும். விலாவுக்கு வைத்த அம்பு முதுகிலோ வயிற்றிலோ போய்ப் பாயும், இரண்டு நாள் துடித்துச் சாகும். வில்லை மெல்லத் தளர்த்து, அசையாமல் நில். அது போனால் போகட்டும். துப்பாக்கிக்காரனாவது தூரத்திலிருந்து சுடுவான், நீ அதன் மூச்சுக்காற்றுப் படும் தூரத்தில் நிற்கிறாய், அந்தப் பொறுப்பு வில் எடுத்தவனுக்கு அதிகம்.

மிச்சமாகும் காசில் நல்ல அம்பு முனை வாங்கு, மறந்துவிடாமல் கூர் தீட்டு. இந்த வாரமே அந்தக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மண்டியிட்டு, சரிவில் நின்று எய்து பார். தடித்த சட்டைக் கையில் நாண் உரசினால் அம்பு ஒரு பக்கமாகப் போகும். எந்தப் பக்கம், எவ்வளவு என்று இங்கே எழுது, சட்டைக் கையை எப்படிக் கட்டுவது என்று சொல்கிறேன்.