நெஞ்சில் சுருக்கென்று குத்தியதா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

குலைவெட்டி, சுங்கை சிப்புட்
செம்பனைக் குலை வெட்டுவது எனக்கு 11 வருட வேலை. ஒரு காலையில் பெரட்டு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) முடிந்து கோலைத் தூக்கியதும் இடது நெஞ்சில் ஊசி இறங்கியது போல வலி. மூச்சை இழுத்தால் இன்னும் குத்தியது. போச்சு, ஹார்ட்தான் என்று மண்டோரின் (மேற்பார்வையாளரின்) மோட்டார் சைக்கிளில் ஏறி கிளினிக்குக்கு ஓடினேன். இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் இசிஜி சரியாக இருந்தது. டாக்டர் நெஞ்செலும்பு ஓரமாக ஒரு விரலை வைத்து அழுத்தினார். "அம்மா!" என்று கத்திவிட்டேன். அதே வலி! விலா எலும்பு சேருகிற குருத்தெலும்பில் அழற்சியாம். மாத்திரை, கொஞ்ச நாள் ஓய்வு, சரியாகிவிட்டது.

அப்பாவுக்குக் குத்தவே இல்லை. இராத்திரி சாப்பிட்டு உட்கார்ந்தவர், "யாரோ நெஞ்சு மேல ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்குடா, காத்துதான்" என்றார். கோடாலித் தைலம் தேய்த்தோம், இஞ்சித் தண்ணீர் கொடுத்தோம். ஒரு மணி நேரம் போய்விட்டது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது, பனியனைப் பிழிந்தால் சொட்டும் போல வேர்வை. தாடையும் வலிக்கிறது என்றதும்தான் ஆம்புலன்சுக்கு 999 அடித்தேன். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து போட்டுப் பிழைக்க வைத்தார்கள். அந்த ஒரு மணி நேரம் இன்னும் உறுத்துகிறது.

பீடோர் அக்கா
தம்பி, எங்கள் அம்மாவுக்கு வலியே இல்லை. ரொம்ப வருடமாக இனிப்புநீர் (சர்க்கரை நோய்). மூச்சு வாங்குது, குமட்டுது என்றார். கேஸ்டிரிக் என்று நினைத்தோம். இனிப்புநீர்க்காரர்களுக்கு மாரடைப்பு இப்படிச் சத்தமில்லாமலும் வருமாம். முதல் இசிஜியில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு அனுப்புங்கள் என்று நாங்கள்தான் நச்சரித்தோம். நல்லவேளை, டாக்டர் கேட்கவில்லை. சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்த இரத்தத்தில்தான் பிடிபட்டது.

லயத்து வீடு
குத்துவலி என்றால் சதைப்பிடிப்பு என்று விட்டுவிடாதீர்கள், அண்ணே. என் தம்பிக்கு 19 வயது, ஒல்லி, நல்ல உயரம். சும்மா உட்கார்ந்திருந்தவனுக்குத் திடீரென்று வலது பக்கம் குத்தி மூச்சு முட்டியது. எக்ஸ்ரேயில் பார்த்தால் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கியிருந்தது. நெஞ்சில் குழாய் போட்டுச் சரிசெய்தார்கள்.

குலைவெட்டி, சுங்கை சிப்புட்
அடேயப்பா, இது தெரியாது. அப்பாவின் டாக்டர் சொல்லி அனுப்பியது: நெஞ்சு அழுத்தம், வேர்வை, மூச்சுத் திணறல், கைக்கும் தாடைக்கும் பரவுகிற வலி, மயக்கம், இதில் எது வந்தாலும் உடனே 999. நீங்களே கார் ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.

அப்பா தைலத்தை மட்டும் விடவில்லை. முழங்காலுக்குத்தான் என்கிறார்.