இடுப்பு மூட்டு ஏ.வி.என். (இரத்த ஓட்டம் குறைந்து எலும்பு நசிதல்) தொடக்க நிலை: அறுவை சிகிச்சை இல்லாமல் எதை முதலில் தொடங்குவது?

கேள்வி:
வணக்கம். தோல் நோய்க்காகப் பல மாதங்கள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டேன். இப்போது வலது தொடை இடுக்கில் வலி. நாற்காலியை விட்டு எழுந்து முதல் நான்கைந்து அடி எடுத்து வைப்பதற்குள் கண்ணில் நீர் வந்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. அறிக்கையோ, தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைந்து எலும்பு நசியத் தொடங்கியிருக்கிறது, ஆனால் அமுங்கவில்லை என்கிறது. ஒரு மருத்துவர் வாரத்துக்கு ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரையும் இன்னொருவர் ஷாக்வேவ் (உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தும்) சிகிச்சையும் பரிந்துரைத்துள்ளனர். எதை நம்புவது?

பதில் 1:
இதே நோயுடன் சில ஆண்டுகளாக இருக்கிறேன். வலியைத் தணிப்பது வேறு, எலும்புத் தலை அமுங்காமல் காப்பது வேறு. எந்தச் சிகிச்சையானாலும் இவ்விரண்டில் எதற்காகத் தருகிறார்கள் என்று கேளுங்கள். அலெண்ட்ரோனேட் எலும்பு கரைவதை மெதுவாக்கும். அமுங்குவதைத் தள்ளிப்போடும் என்ற எதிர்பார்ப்பில் தருகிறார்கள், ஆனால் ஆய்வு முடிவுகள் ஒருமித்ததாக இல்லை. வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் நீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். தொடங்குமுன் பல் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. ஷாக்வேவில் சிலருக்கு வலி குறைகிறது. ஆனால் அதற்கான ஆய்வுகள் சிறியவை. ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அளவைக் குறைக்கலாமா என்று தோல் மருத்துவரிடமே கேளுங்கள்.

பதில் 2:
நான் பிசியோதெரபிஸ்ட். எதைத் தேர்ந்தெடுத்தாலும், மூட்டின் மேல் விழும் சுமையை இன்றே குறையுங்கள். ஓட்டமும் குதித்தலும் கூடாது. படுத்தபடி செய்யும் அசைவுப் பயிற்சிகளையும் நீச்சலையும் மருத்துவர் அனுமதித்தால் செய்யலாம். நடக்கும்போது கைத்தடி அவசியம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கைத்தடியை ஒரு வாரமாக வலிக்கும் பக்கத்திலேயே, வலது கையில்தான் பிடிக்கிறேன். டைக்ளோஃபெனாக் போட்டால் நன்றாக நடக்க முடிகிறது, தொடரலாமா?

பதில் 2:
கைத்தடியை இடது கைக்கு மாற்றி, வலது காலை வைக்கும் அதே நேரத்தில் ஊன்றுங்கள்; அப்போதுதான் இடுப்புத் தசை இழுக்கும் விசை குறைந்து, மூட்டின் சுமை இறங்கும். டைக்ளோஃபெனாக் வலியை மட்டுமே அடக்கும். வலி தெரியாத தைரியத்தில் கூடுதலாக நடந்துவிடாதீர்கள். நாள்கணக்கில் போட்டால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. ஸ்டீராய்டுடன் சேர்ந்தால் வயிற்றுப்புண் அபாயம் இன்னும் கூடும் என்பதால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். ஸ்டீராய்டால் வரும் ஏ.வி.என். பெரும்பாலும் இரு பக்கமும் வருவதால், எம்.ஆர்.ஐ.யில் இடது இடுப்பையும் பார்த்தார்களா?