பெயர் மட்டும் எஸ்எஸ்டி: வால்யூம் டைப்பில் அடிபட்டவர்கள் வாருங்கள்

மாங்கூழ்_அட்மின்:
போன ஜூன். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. சீசன் உச்சத்தில், பெங்களூரா ஏற்றிய லாரிகள் கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் நிற்கின்றன. எடைமேடை டேட்டாபேஸ் ஓடுவது நான் போட்டுக்கொடுத்த ஓப்பன்ஸ்டாக்கில் (சொந்த சர்வர்களையே கிளவுடாக்கும் மென்பொருள்). அதில் டிஸ்க் வேலையைக் கவனிக்கும் சிண்டரில் வேகமான எஸ்எஸ்டி ஒன்று, பழைய ஹார்ட்டிஸ்க் ஒன்று என இரண்டு பேக்கெண்ட் (நிஜமான சேமிப்பிடம்), இரண்டும் லினக்ஸின் எல்விஎம். 'எஸ்எஸ்டி' என்று வால்யூம் டைப் (வால்யூம் என்கிற மெய்நிகர் டிஸ்க் எந்த வகை என்று சொல்லும் பெயர்) உருவாக்கி அதில்தான் டேட்டாபேஸை வைத்திருந்தேன். ஆனாலும் ஒரு எடைச்சீட்டு வர 40 செகண்ட். எடைமேடையில் இருந்த அக்கா ஜன்னல் வழியாகச் சீட்டு வாங்குகிற கையை அப்படியே நீட்டியபடி, "தம்பி, பழம் வெயில்ல வேகுது. உன் மிஷின் என்னதான் பண்ணுது?" என்றார்.

அட்மின் லாகினில் வால்யூம் விவரத்தை எடுத்தேன். ஹோஸ்ட் வரியில் ஹார்ட்டிஸ்க் பேக்கெண்டின் பெயர். டைப்பை உருவாக்கினேனே தவிர, அதை எந்த பேக்கெண்டில் வைக்க வேண்டும் என்று சொல்லும் வால்யூம்_பேக்கெண்ட்_நேம் ப்ராப்பர்ட்டியைப் போடவே இல்லை. அது இல்லாவிட்டால், இடம் தேர்ந்தெடுக்கும் ஷெட்யூலருக்கு எல்லா பேக்கெண்டும் ஒன்றுதான், காலி இடம் எதில் அதிகமோ அதில் கொண்டுபோய் வைத்துவிடும். ஹார்ட்டிஸ்கில்தானே இடம் எப்போதும் அதிகம்! 8 மாதமாக எல்லாமே அங்கேதான் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. அந்தக் கை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

சிப்காட்_நைட்ஷிப்ட்:
எனக்கு இதற்கு நேர் எதிர். ஓசூரில், ப்ராப்பர்ட்டியை மறக்காமல் போட்டேன். கான்ஃபிக் ஃபைலில் பேக்கெண்ட் பெயர் கேப்பிட்டல் எழுத்தில், டைப்பில் சின்ன எழுத்தில். வால்யூம் 'கிரியேட்டிங்' என்று காட்டும், அடுத்த மூச்சில் 'எரர்'. ராத்திரி 11 மணியிலிருந்து ஒன்றரை வரை வால்யூமை உருவாக்கும் சிண்டர்-வால்யூம் சர்வீஸின் லாகையே தோண்டினேன். ஒரு வரி இல்லை. எப்படி இருக்கும், வேலை அதுவரை வந்து சேரவே இல்லையே. ஷெட்யூலர் லாகைத் திறந்தால் 'நோ வேலிட் பேக்கெண்ட்' என்று வரிசையாக 17 முறை. எண்ணிப் பார்த்தேன், வேறு என்ன செய்வது?

பாலக்கோடு_பைதான்:
மாங்கூழ் அண்ணா, கோபித்துக்கொள்ள வேண்டாம், இது சிண்டரின் தவறே இல்லை. என் கதை சின்னது. தருமபுரியில் ஒரு கல்லூரி லேப். செய்முறைத் தேர்வு நடுவே தின் பூல் (இருப்பதைவிட அதிக இடம் ஒதுக்கிக் காட்டும் டிஸ்க் தொகுப்பு) நிரம்பி எல்லா மாணவர்களின் விஎம்மும் (மெய்நிகர் கணினி) ஒரே நேரத்தில் ரீட்-ஒன்லி ஆனது, எதையும் சேமிக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் எல்லோருக்கும் சொல்கிறேன், ஓவர் சப்ஸ்கிரிப்ஷன் ரேஷியோவைப் பாருங்கள். மாற்றாமல் விட்டால் அது 20. அதாவது 1 டிபி வைத்துக்கொண்டு 20 டிபி வரை தாராளமாக அள்ளிக் கொடுக்கும். எங்கள் லேபில் அதுதான் நடந்தது. அப்புறம் டீஃபால்ட் டைப்பை நீங்களே குறிப்பிட்டு வையுங்கள். ட்ரெயின் வெளியீட்டிலிருந்து (2019) டைப் இல்லாத வால்யூமே கிடையாது, நீங்கள் சொல்லாவிட்டால் அது தானாக வைத்திருக்கும் டீஃபால்ட் டைப் ஒட்டிக்கொள்ளும். அதில் பேக்கெண்ட் எதுவும் கட்டியிருக்காது, அண்ணா கதைதான் மறுபடியும். க்யூஓஎஸ் அளவை (வால்யூமின் வேக வரம்பை) மாற்றினால் ஏற்கெனவே மாட்டியிருக்கும் வால்யூமில் அது ஏறாது, கழற்றி மாட்ட வேண்டும். கான்ஃபிக்கைத் தொட்டால் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள், இதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணா கேஸில் ரீடைப் (வால்யூமின் டைப்பை மாற்றுவது) ஒன்றே போதும். வேறு பேக்கெண்டுக்கு நகரலாமா என்று சொல்லும் மைக்ரேஷன் பாலிசியை 'ஆன்-டிமாண்ட்' என்று கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் 'நெவர்' என்று எடுத்துக்கொண்டு மறுத்துவிடும். 5 நிமிட வேலை.

மாங்கூழ்_அட்மின்:
தம்பி, சிண்டரின் தவறு என்று நான் எங்கே சொன்னேன்? மறுபடி படி.

அந்த 5 நிமிட வேலையை நானும் செய்து பார்த்தேன். வால்யூமில் ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையின் நகல்) இருந்தது. ஸ்னாப்ஷாட் இருந்தால் வேறு பேக்கெண்டுக்கு நகராது. லாரி நிற்கிற நேரத்தில் இருக்கிற ஒரே பேக்கப்பை அழிக்கச் சொல்கிறாயா? சரி, டைப்பிலாவது ப்ராப்பர்ட்டியைச் சேர்க்கலாம் என்று போனால், டைப் பயன்பாட்டில் இருக்கிறது, மாற்ற முடியாது என்றது. கடைசியில் 'எஸ்எஸ்டி2' என்று புது டைப், புது வால்யூம், ராத்திரி ஆலை நின்றதும் டேட்டாபேஸை டம்ப் எடுத்து அதில் ஏற்றினேன். காலையில் சீட்டு 2 செகண்டில் வந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த லாரியைக் கூப்பிட்டார்.

இன்றைக்கும் எங்களிடம் 'எஸ்எஸ்டி' என்றால் ஹார்ட்டிஸ்க், 'எஸ்எஸ்டி2' என்றால் எஸ்எஸ்டி. புதிதாக வருகிற பையன்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

சிப்காட்_நைட்ஷிப்ட்:
பழைய டைப்பின் பெயரை மாற்றிவிடலாமே அண்ணா? ப்ராப்பர்ட்டிக்குத்தான் தடை, பெயருக்கு இல்லை.